ஏற்றத்தில் வெட்டும் கார்: பட்டறை பதில்கள்

மேட்டுப்பாளையத்தில் என் பட்டறை வாசலில் நின்றால் நீலகிரி மலை நேரே தெரியும். கல்லாறு வரை சாலை சமமாகப் போகும். அதைத் தாண்டினால் குன்னூர் வரை ஏற்றம்தான். சமவெளியில் ஒளிந்துகொண்டிருந்த கோளாறு எதுவானாலும் பர்லியாறு போய்ச் சேர்வதற்குள் தலைகாட்டிவிடும். "அண்ணா, கீழே நன்றாகத்தான் இருந்தது, ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இல்லாமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கழிவதில்லை. இந்த மாதக் கடிதங்களிலும் அதே பேச்சு அதிகம். ஆகவே கியர் வண்டிகளில் வரும் வெட்டல், குலுக்கல், உதறல் பற்றிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் கார் 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் எந்தக் குறையும் தெரிவதில்லை. பள்ளி வேலைக்காகத் திம்பம் மலைப்பாதையில் தாளவாடிக்குப் போய் வருகிறேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவதைப்போல வெட்டுகிறது. இரண்டாவது கியருக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு பட்டறையில் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று சொல்லி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். 11,000 ரூபாய் செலவானது. வெட்டல் அப்படியே இருக்கிறது. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். மாற்றலாமா?
— ஆசிரியை, சத்தியமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா. பம்ப்பும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். இனி ஒரு பாகம் மாற்றுவதென்றால், அது கெட்டுவிட்டது என்பதை உங்கள் கண்முன் காட்டிய பிறகுதான் மாற்ற வேண்டும். உங்கள் 11,000 ரூபாயை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்தக் கிளட்சைத் தொடவே தேவையில்லை என்பதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

கிளட்ச் தேய்ந்தால் வண்டி வெட்டாது, நழுவும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் உயரும், வேகம் ஏறாது. ஏற்றத்தில் கருகிய நாற்றமும் வரும். கிளட்சில் உதறல் என்று ஒன்று உண்டுதான், ஆனால் அது பெடலைப் பாதி விட்ட நிலையில், வண்டி கிளம்பும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மட்டும் வரும். பெடலை முழுதாக விட்ட பிறகு பிளேட்டும், எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலும் ஒட்டிப் பிறந்தவைபோல ஒன்றாகச் சுற்றுகின்றன. நீங்கள் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், கால் கிளட்சின் மேலேயே இல்லை. அப்போது வருகிற வெட்டலைக் கிளட்சின் கணக்கில் எழுத முடியாது. அந்தப் பட்டறையில் உங்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கியர்பாக்ஸை இறக்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்த சாட்சி, இரண்டாவது கியரில் வெட்டல் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். பெட்ரோல் போதாமல் திணறும் வண்டியாக இருந்தால், அதே வேகத்தில் அதே ஏற்றத்தை இரண்டாவது கியரில் ஏறினாலும் திணற வேண்டும். மலையேறத் தேவையான பெட்ரோலின் அளவு கியரை மாற்றுவதால் பெரிதாகக் குறைந்துவிடாது. திணறலின் குணமும் வேறு. அது மூச்சு வாங்குவதைப்போல மெல்ல மெல்லச் சோர்ந்து போகும், பிறகு கொஞ்சம் தேறும், மறுபடி சோரும். நீங்கள் சொல்வது கத்தியால் நறுக்கியதைப்போன்ற வெட்டல். நான்கு சிலிண்டரில் ஒன்று, தன் முறை வரும்போது தீப்பிடிக்காமல் சும்மா போகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்குப் பதினாறு பதினேழு தடவை வெடிக்க வேண்டும். அதில் நான்கைந்து தவறினாலே உங்கள் இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் தவறுகிறது? மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த நெரிசலில் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். வண்டி நிற்கும்போது சும்மா சுற்றும் எஞ்சினுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் வோல்ட் போதும் என்றால், இங்கே இருபதாயிரத்தையும் தாண்டிப் போகும். மின்சாரம் தண்ணீரைப் போன்றது, சுலபமான வழி எங்கே கிடைத்தாலும் அங்கே ஓடும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலோ, பிளக்குக்கு அந்த வோல்ட்டைத் தரும் காயிலின் ரப்பர் உறையில் விரிசல் இருந்தாலோ, அது முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் இறங்கி எஞ்சின் உடம்பில் கலந்துவிடும். இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, நீங்கள் அவ்வளவு அழுத்தி மிதிப்பதில்லை, அழுத்தம் குறைகிறது, பொறி ஒழுங்காக விழுகிறது. ஊருக்குள் நன்றாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை பிளக்கும் காயிலும். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் போய், எஞ்சின் ஆறிய பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஒரு செய்தித்தாளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் குனிந்து பாருங்கள், இதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம். முனைகள் வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. பிறகு வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். உலோகத்தை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் வளையம்போல ஒரு கறை இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஓடிய பிளக்கில் அது வரும். ஆனால் பீங்கானின் மேல் பென்சிலால் நெட்டுக்குத்தாகக் கோடு இழுத்ததைப்போல மெல்லிய கறுப்பு இழை தெரிந்தால், மின்சாரம் பக்கவாட்டில் நடந்து போன பாதை அது. நகத்தால் சுரண்டினாலும் போகாது. அந்த பிளக்கின் மேல் அமர்ந்திருந்த ரப்பர் உறையை உட்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், எதிர்ப்பக்கத்தில் அதே கோட்டின் சாயல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதையும் கெடுத்துவிடும். பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போனால் எஞ்சின் ஆயில் குழிக்குள் இறங்கும், உறை ஊறிப் பருத்துக் கெடும். அப்படியிருந்தால் வளையத்தை மாற்றாமல் புது காயில் போடுவது வீண்.

பிளக் நான்கும் சுத்தமாக இருந்தால், காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்ட வேண்டியதுதான். உங்கள் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். பி 0300 என்று வந்தால் பொறி தவறுவது இந்தச் சிலிண்டரில் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது, இப்படியே நான்கு வரை. பி 0301 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே புது காயில் வாங்க வேண்டாம். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும் இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றி மாட்டிவிட்டு, குறியீட்டை அழித்துவிட்டு, மறுபடி திம்பம் ஏறுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது பி 0302 என்று வந்திருந்தால் குற்றவாளி காயில்தான், அது போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போயிருக்கிறது. மறுபடி பி 0301 என்றே வந்தால் காயில் நிரபராதி, அந்தச் சிலிண்டரின் பிளக்கையோ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மெக்கானிக்குக் கால் மணி நேரம், உங்களுக்கு ஒரு பயணம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்டும்போது எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், அப்படியே அழுத்தி ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அங்கே புகையின் நச்சைக் குறைக்க இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூட்டில் உருகிப் போனால் அதன் விலை உங்கள் கிளட்ச் செலவைவிடப் பல மடங்கு. காலைத் தளர்த்தி, கியரைக் குறைத்து, இடம் கிடைத்ததும் ஓரம்கட்டுங்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லாரியைத் தாண்டும் நேரத்தில் வண்டி வெட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிளக்கைப் பார்க்கும் வரையில் அந்தப் பாதையில் யாரையும் முந்த வேண்டாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988-இல் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். ஊட்டிக்கு ஓடும் ஓர் அம்பாசடர் டாக்சி வந்தது. காலையில் பட்டுப்போலக் கிளம்பும், பர்லியாறு தாண்டியதும் வெட்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மறுநாள் அவர் திரும்பி வந்தார். மறுபடி கழுவினேன். மூன்றாம் நாளும் வந்தார். மூன்று நாள் சவாரி போயிற்று அவருக்கு, பேசக்கூட இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எங்கள் மேஸ்திரி கையைத் துடைத்துவிட்டு அந்த வண்டியின் பின் இருக்கையில் ஏறினார், என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் டிரைவரிடம் கேட்டுக்கொண்டே வந்தார்: முதல் வெட்டு எந்த இடத்தில், வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு ஏறினால் எப்படி இருக்கிறது, மழையில் எப்படி, இறக்கத்தில் எப்படி. நிறுத்தி ஆறவிட்டால் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது என்றார் டிரைவர். வெட்டத் தொடங்கியதும் ஓரம்கட்டச் சொல்லி, பானெட்டைத் திறந்து பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்தார். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழி, மறுமுகத்தில் கடுகளவு மேடு, இரண்டும் நீலம் பாய்ந்து கருகியிருந்தன. பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு தகர உருளை, பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், சூடேறினால் கைவிட்டுவிடும். புதியதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாயின்ட்டை அரத்தால் தேய்த்து, கண்டென்சரை மாற்றினார். அதன் பிறகு குன்னூர் வரை வண்டி ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த டிரைவரிடம் மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிட்டு, அதை என் சம்பளக் கணக்கில் எழுதிக்கொண்டார். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த பாயின்ட்டும் கண்டென்சரும் உங்கள் காரில் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் அவைதான். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது எந்த கியர், என்ன வேகம், எஞ்சின் சூடா ஆறியதா, ஏற்றமா சமவெளியா, மழையா வெயிலா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதைப் படிக்க மறுக்கும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்து லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவின் காரை ஓட்டும்போது முதல், இரண்டாவது கியர்களில் தலையாட்டி பொம்மைபோல எல்லோரும் ஆடுகிறோம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது மிகவும் மோசம். அப்பா ஓட்டினால் ஆடுவதில்லை. கோளாறு என்னிடமா, காரிடமா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: அப்பா ஓட்டினால் ஆடவில்லை என்றால் கார் நன்றாக இருக்கிறது. உங்களிடமும் கோளாறு இல்லை, கால் இன்னும் பழகவில்லை. இதற்காக வீட்டில் யாராவது சத்தம் போட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஞாயிறு காலையில் ஒரு காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிளட்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்துங்கள். கனமான அடிப்பாகம் உள்ள செருப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முதல் கியரில் போட்டு, வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து முழுதாக எடுத்து பிரேக்குக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டு, கிளட்சை மட்டும் மெல்ல, நூல் இழுப்பதைப்போல மேலே விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும், வண்டியின் மூக்கு லேசாக எழும். அங்கே காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி தானாக நகரத் தொடங்கும். முழுதாக நகர்ந்த பிறகு மீதியை விடுங்கள். இதை முப்பது நாற்பது தடவை செய்தால் அந்த இடம் உங்கள் கணுக்காலுக்கு மனப்பாடமாகிவிடும். பயிற்சிப் பள்ளியில் எடுத்த உடனேயே ஆக்சிலேட்டரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொள்வது கடினம்.

நெரிசலில் ஆடுவதற்குக் காரணம் வேறு. இப்போதைய கார்களில் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், எஞ்சின் ஓரளவு வேகத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், மிச்சம் பிடிப்பதற்காக. மறுபடி மிதித்தால் பெட்ரோல் ஒரேயடியாகத் திரும்பி வரும். எஞ்சினிலிருந்து சக்கரம் வரையுள்ள பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் சிறு இடைவெளிகள் எல்லாம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் டக்கென்று மாறும். முதல் கியரில் இது மிகவும் பலமாகத் தெரியும். காலை எடுப்பது, மிதிப்பது என்று மாறி மாறிச் செய்தால் தலையாட்டி பொம்மைதான். அப்பா என்ன செய்கிறார் என்று அவர் காலைக் கவனியுங்கள். முன்வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, ஆக்சிலேட்டரில் குதிகாலைத் தரையில் ஊன்றி, நுனிப்பாதத்தால் மெல்ல ஒரே அழுத்தம் கொடுத்துக்கொண்டிருப்பார். வேகம் வேண்டாமென்றால் கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடுவார். வேகத்தடையில் 10 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் இரண்டாவது கியரில் இழுக்கப் பார்க்காதீர்கள், முதலாவதுக்குப் போங்கள். பல பேர் இதைக் கௌரவக் குறைவாக நினைத்து எஞ்சினை உலுக்குகிறார்கள்.

கேள்வி: டீசல் வண்டி வைத்திருக்கிறேன். சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது 2,500 சுற்றைத் தாண்டினால் இழுவை போய் வெட்டுகிறது. கறுப்புப் புகை இல்லை. என்ன பார்ப்பது?
— காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

பதில்: டீசல் ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே நினைவில்லை என்று புரிந்துகொள்கிறேன். புகை இல்லாமல் இழுவை போனால் டீசல் போதவில்லை என்று பொருள். கறுப்புப் புகையோடு போயிருந்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் கிழிசலையோ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வையோ பார்க்கச் சொல்லியிருப்பேன். ஃபில்டரின் அடியில் தண்ணீர் இறக்கும் திருகு இருந்தால் முதலில் அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் கலந்த டீசலில் ஓட்டினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்துப் போகும், அந்தச் செலவு உங்கள் ஒரு பருவ லாபத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: மழைநாளில் ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பினேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், கார் எல்லாக் கியரிலும் குதித்துக் குதித்து நின்றுவிட்டது. அதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் இப்படி என்கிறார் நண்பர். உண்மையா?
— வங்கி ஊழியர், கடலூர்

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 முதல் படிப்படியாக வந்தது. எத்தனால் மட்டும் இருந்தால் கார் இப்படிக் குதித்து நிற்காது. அதோடு தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. பழைய பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் தனியாக அடியில் கிடக்கும். எத்தனால் கலந்ததில் கொஞ்சம் தண்ணீர் கரைந்துவிடும், யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கும். அப்போது அடியில் சேரும் கலவையின் அளவு, உள்ளே போன தண்ணீரைவிட மிக அதிகமாக இருக்கும். காரின் பம்ப் உறிஞ்சுவது டேங்கின் அடியிலிருந்துதான்.

எல்லாக் கியரிலும், எல்லா வேகத்திலும், டேங்க் நிரப்பிய உடனே தொடங்கியது என்பதால் முதல் சந்தேகம் தண்ணீரின் மேல்தான். மெக்கானிக்கை அழைத்து, திறந்த வெளியில், அருகே நெருப்பு எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டரை ஒரு தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் இறக்கச் சொல்லுங்கள். மூடி வைத்து அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்திருப்பதும், நடுவே ஒரு கோடு ஓடுவதும் தெரியும். சாய்த்தால் கோடும் சாயும். அது தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். டேங்கை முழுதாக இறக்கி, குழாயைச் சுத்தம் செய்து, ஃபில்டரைத் தனியாக மாற்ற முடிகிற வண்டியானால் மாற்றி, புது பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

அந்தப் பாட்டிலையும் பெட்ரோல் போட்ட ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பங்க்கின் தரைக்கடி டேங்கில் அளவுக்கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. உங்கள் முன்னால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினால் போதும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மண்ணெண்ணெய் மாதிரியான கலப்படத்தைப் பார்ப்பதற்கு, தண்ணீருக்கு அல்ல. பங்க்கில் சரியான பதில் வரவில்லையென்றால் எண்ணெய் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் அன்றைக்கு எத்தனை பேர் நிரப்பியிருப்பார்கள் என்று யோசியுங்கள், அவர்களுக்காகவாவது கொடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயதான பெட்ரோல் கார். ரிவர்ஸில் எடுக்கும்போதும் முதல் கியரில் கிளம்பும்போதும் மொத்த வண்டியும் உதறுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. வெட்டல் என்பதெல்லாம் எஞ்சின் கோளாறு என்று எஞ்சினைத் திறக்கச் சொல்கிறார்கள்.
— ஓய்வு பெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: திறக்கக் கூடாது ஐயா. சத்தியமங்கலம் ஆசிரியையின் கடிதத்துக்கு நேர் எதிரானது உங்களுடையது. கிளட்ச் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறுகிறது, முழுதாக விட்டால் நின்றுவிடுகிறது. அங்கே கிளட்ச் நிரபராதி, இங்கே கிளட்சின் மேல் சந்தேகம் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள்.

எஞ்சினைத் தாங்கும் அந்த ரப்பர்கள் எட்டு ஒன்பது வருடச் சூட்டில் வெடித்துத் தொய்ந்துவிடும். பிறகு கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முன்னும் பின்னும் புரண்டு மொத்த வண்டியையும் உலுக்கும். சோதிப்பது சுலபம். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல், பானெட்டைத் திறந்து வைத்து, கைபிரேக்கை இறுக்கி, கால்பிரேக்கையும் அழுத்தி, ரிவர்ஸில் போட்டு கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை மட்டும் விட்டு உடனே மிதிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. உள்ளங்கை அகலத்துக்கு எழும்பி விழுந்தால் ரப்பர் போய்விட்டது. மூன்று மவுண்டிங்கில் கிழிந்ததை மட்டும் மாற்றினால் போதும், அரை நாள் வேலை.

மவுண்டிங் நன்றாக இருந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கலாம். இறக்கியதும் பிளேட்டைக் கையில் வாங்கி, விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெயைத் தடுக்கும் எஞ்சின் பின்புற சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது, சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் ஊறிவிடும். பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அதைக் கடைந்து சமப்படுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அந்த முகத்தைப் பார்க்காமல் அவசரமாகப் பெட்டியை மூடிவிடுகிறார்கள், அடுத்த மாதமே உதறல் திரும்பி வந்துவிடுகிறது. மூடுவதற்கு முன் ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.